மனோன்மணீயத்தில் மணவினை: வழக்கமும் அருளும்

முன்னுரை

பெ. சுந்தரம் பிள்ளை இயற்றிய மனோன்மணீயம் 1891ஆம் ஆண்டு வெளிவந்தது. அந்நாடகத்தைக் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் இரு திசைகளில் சென்றுள்ளன. ஒரு சாரார் அதனைத் தத்துவ உருவகமாகக் கண்டு, ஜீவகனை உயிராகவும் குடிலனை மாயாசக்தியாகவும் சுந்தர முனிவரை அருட்குருவாகவும் கொண்டு பொருள் விரித்தனர். மற்றொரு சாரார் அதன் நாடகக் கட்டமைப்பையும், லிட்டனின் ஆங்கிலக் கதையோடு அதற்குள்ள உறவையும், பாத்திரப் படைப்பையும் ஆராய்ந்தனர். இவ்விரு நெறியினரும் ஒரு செய்தியை இயல்பானதாகக் கருதிக் கடந்துவிட்டனர். நாடகத்தின் முதன்மைச் சிக்கல் ஒரு பெண்ணை யாருக்கு மணம் முடித்துக் கொடுப்பது என்பதே. அச்சிக்கலைத் தீர்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதே அதனுள் அமைந்த வினா. பெற்றோர் பேசி முடிக்கும் மணம் என்னும் சமூக வழக்கத்தை இந்நாடகத்தின் ஆன்மிக நோக்கு எவ்வாறு எதிர்கொள்கிறது, எவ்விடத்தில் தயங்கி நிற்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாடகமும் அதன் காலமும்

சுந்தரம் பிள்ளை (1855 - 1897) ஆலப்புழையில் பிறந்து, திருவனந்தபுரம் மகாராசா கல்லூரியில் பயின்று, பின்னர் அங்கேயே தத்துவப் பேராசிரியராகப் பணியாற்றியவர். கோடகநல்லூர்ச் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராகக் கொண்டவர். 1885இல் திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபை தோன்றுவதற்குக் காரணமாக இருந்தவர். திருஞானசம்பந்தரின் காலத்தை ஆராய்ந்து வரையறுத்தவர் என்ற வகையில் சைவ வரலாற்றிலும் அடியார் சரிதங்களிலும் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஆகவே மனோன்மணீயத்தில் இடம்பெறும் மணவினை பற்றிய சிந்தனையை மேனாட்டுக் கதையின் தழுவலாக மட்டும் கொள்வது பொருந்தாது.

நாடகம் வெளிவந்த ஆண்டும் நோக்கத்தக்கது. மண உறவுக்குரிய பெண்ணின் வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்திய சம்மத வயதுச் சட்டம் 1891இல்தான் நிறைவேறியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு, சிறு வயதில் தனக்குச் செய்யப்பட்ட மணத்தை ஏற்க மறுத்து நீதிமன்றத்தில் நின்ற ருக்மாபாயின் வழக்கு நாடெங்கும் விவாதத்தைக் கிளப்பியிருந்தது. திருவிதாங்கூரை அடுத்த மலபாரில் மருமக்கள்தாய முறையினரின் மண உறவுகளை ஆராய சர் தி. முத்துசாமி ஐயர் தலைமையில் குழு அமைக்கப்பட்டதும் 1891இல்தான். அதன் பயனாக மலபார் திருமணச் சட்டம் 1896இல் இயற்றப்பட்டது. மணம் என்பது எது, அதனைச் செய்யும் உரிமை யாருடையது என்னும் வினாக்கள் மன்றங்களிலும் இதழ்களிலும் எழுந்த காலத்தில் இந்நாடகம் பிறந்தது. நாடகம் இவ்விவாதங்களுள் எதனையும் பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும் அவை எழுப்பிய அதே வினாவே அதன் கதைப்போக்கை நடத்துகிறது.

குடிலனின் கருவி

பாண்டியன் ஜீவகன், தன் அமைச்சன் குடிலனின் சொற்கேட்டு மதுரையை விட்டுத் திருநெல்வேலியில் கோட்டை அமைத்து வாழ்கிறான். அவன் மகள் மனோன்மணி, சேரமன்னன் புருடோத்தமனைக் கனவிற் கண்டு காதல் கொள்கிறாள். அவனும் அவளைக் கனவிற் காண்கிறான். மகளின் நோய்க்குக் காரணம் அறியாது மன்னன் வருந்த, உண்மையை உணர்ந்த சுந்தர முனிவர் புருடோத்தமனே ஏற்ற மணமகன் எனக் கூறி, நடராசனைத் தூதனுப்புமாறு அறிவுறுத்துகிறார். தன் மகன் பலதேவனை மனோன்மணிக்கு மணமுடித்து அரசைக் கைக்கொள்ள விழையும் குடிலன் இதனைக் கெடுக்க எண்ணுகிறான்.

அவன் கையாளும் வழி ஆராயத்தக்கது. அவன் முனிவரின் கருத்தை வெளிப்படையாக மறுப்பதில்லை. பெண் வீட்டார் தாமே முற்பட்டு மணம் பேசிச் செல்வது இழிவு என்னும் உலக வழக்கத்தை எடுத்துக்காட்டுகிறான். மணத்தூது நாஞ்சில் நாட்டின் உரிமை பற்றிய அரசியல் தூதாக மாறுகிறது. நடராசனுக்குப் பதிலாகப் பலதேவன் தூதனாகச் செல்கிறான். மணத்தில் முடிய வேண்டியது போரில் முடிகிறது. ஆயிரக்கணக்கான வீரர் மடியும் போருக்கு வித்தாக அமைவது, பெண் வீட்டார் முதலில் பேசக் கூடாது என்னும் ஒரு வழக்கமே.

குடிலன் இரண்டாம் முறையும் அதே கருவியையே எடுக்கிறான். போரில் தோல்வியுற்ற மன்னனுக்கு முனிவர் தாம் மறைவாக அமைத்த சுரங்கவழியைக் காட்டுகிறார். மகளை அவ்வழியே அனுப்பிக் காக்க எண்ணும் ஜீவகனிடம், அவளைப் பலதேவனுக்கு மணமுடித்தே அனுப்புமாறு குடிலன் இசைவிக்கிறான். நள்ளிரவில் மணம் ஏற்பாடாகிறது. கன்னிப் பெண்ணுக்கு ஒரு கணவன் வாய்ப்பதே காவல் என்று எண்ணும் தந்தையின் மனம் இதற்கு எளிதில் இணங்குகிறது. கிளைக்கதையிலும் நிலை இதுவே. நடராசனிடம் மனம் வைத்த வாணியை அவள் தந்தை சகடன், அமைச்சன் மகன் என்னும் பெருமை கருதிப் பலதேவனுக்குக் கொடுக்க முனைகிறான். மகளைக் கொடுப்பவன் தந்தை என்னும் வழக்கமே அவனுக்குத் துணை.

மூன்று இடங்களிலும் வழக்கம் ஒன்றே குடிலனுக்கோ அவன் விருப்பத்துக்கோ உதவுகிறது. இதனை உருவகப் பொருளோடு பொருத்திக் காணும்போது ஒரு புதிய பொருள் புலப்படும். குடிலன் மாயாசக்தி எனில், மாயை உயிரை மயக்கப் பயன்படுத்தும் கருவி வழக்கமாகும். உயிர் தன் அறிவால் ஆராயாமல் பிறர் பழிக்கு அஞ்சி ஏற்றுக்கொள்ளும் ஒழுகலாறே அதன் கட்டாகிறது. எனவே இந்நாடகத்தின் தத்துவத்தையும் சமூக விமர்சனத்தையும் வேறு வேறாகப் பிரிக்க இயலாது. உருவகத்தை முழுமையாகப் படிப்பவர், அவ்வுருவகத்தின் உள்ளேயே வழக்கத்தின் மீதான குற்றச்சாட்டைக் காண்பர்.

கொடுத்தற்கு உரியோர் யார்?

தொல்காப்பியம் கற்பு என்பதனைக் கொடுத்தற்குரிய மரபினோர் கொடுக்கக் கொள்வது என வரையறுக்கிறது. அடுத்த நூற்பாவிலேயே, கொடுப்போர் இல்லாத உடன்போக்கிலும் மணச்சடங்கு உண்டு என்கிறது. கொடை என்பது மணத்தின் பொதுவிதியாயினும் அதுவே மணத்தின் உயிர் அன்று என்பதைத் தமிழ் இலக்கணம் தொடக்கத்திலேயே ஏற்றுள்ளது. களவில் தோன்றிய அன்பைக் கற்பிற்குக் கொண்டு செல்லும் பாலமாக அறத்தொடு நிற்றல் அமைகிறது. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் உண்மையை உரிய முறையில் வெளிப்படுத்துவது அதன் நெறி.

மனோன்மணீயத்தில் இச்சங்கிலி முழுவதும் ஒருவரிடம் ஒடுங்குகிறது. தோழி வாணி உடனிருந்தும், மன்னனிடம் அறத்தொடு நிற்பவர் சுந்தர முனிவரே. அக மரபில் தலைவியின் நோயைத் தெய்வத்தால் வந்ததெனத் தவறாக உணர்ந்து வெறியாடும் வேலன் ஓர் எள்ளற் பாத்திரமாகக் காட்சி தருகிறான். சமயத்தின் பெயரால் வருபவன் பெண்ணின் மனத்தை அறியாதவன் என்பது அப்பாடல்களின் குறிப்பு. சுந்தரம் பிள்ளை இதனைத் தலைகீழாக மாற்றுகிறார். தந்தையும் அமைச்சனும் அறியாததைச் சமயக் குரவரே அறிகிறார். பெண்ணின் விருப்பத்துக்குச் சான்று கூறுவது ஞானத்தின் கடமையாகிறது.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். முனிவரும் மணம் பேசி முடிப்பவரே. ஏற்ற மணமகனைக் கூறித் தூதனுப்பச் சொல்பவரே. எனவே இந்நாடகம் ஏற்பாட்டு மணத்தை எதிர்க்கிறது எனக் கூறுவது மிகையாகும். குடிலனும் முனிவரும் ஒரே செயலைச் செய்கின்றனர். அவர்கள் தொடங்கும் இடமே வேறு. குடிலன் அரசிலிருந்து தொடங்கிப் பெண்ணிடம் வருகிறான். முனிவர் பெண்ணின் மனத்திலிருந்து தொடங்கி அரசனிடம் வருகிறார். பெரியோர் பேசுவதால் ஒரு மணம் குற்றமுடையதாவதில்லை. யாருடைய மனத்தை அறிந்து பேசுகின்றனர் என்பதே அதன் அறத்தைத் தீர்மானிக்கிறது என்பது நாடகம் நிறுவும் கருத்தாகும்.

ஜீவகனின் பிழையும் இந்நோக்கில் விளங்கும். அவன் கொடியவன் அல்லன். மகளிடம் பேரன்பு உடையவன். ஆயினும் கோட்டையைப் போலவே மகளையும் 'எனது' எனக் கொள்கிறான். சைவ சித்தாந்தம் யான், எனது என்னும் செருக்கை உயிரின் கட்டாகக் கூறும். கொடை என்னும் சொல்லின் உள்ளேயே உடைமை என்னும் கருத்து ஒளிந்துள்ளது. தன்னுடையது அல்லாததைக் கொடுக்க முனைவதே உயிரின் மயக்கம் என்னும் தத்துவத்தைத் தந்தை - மகள் உறவின் வழியே ஆசிரியர் காட்சிப்படுத்தியுள்ளார்.

மணம் தடுத்தல்: சைவ மரபின் தொடர்ச்சி

நாடகத்தின் இறுதிக் காட்சியில் பலதேவனுக்கு மாலையிட மனோன்மணி அழைத்து வரப்படுகிறாள். சுரங்கவழியைக் காட்டிக்கொடுக்கச் சென்ற குடிலனைச் சிறைப்படுத்திய புருடோத்தமன், அவ்வழியே மணமண்டபத்தில் தோன்றுகிறான். கனவில் கண்டவனை நேரில் கண்ட மனோன்மணி அவனுக்கே மாலையிடுகிறாள். இம்முடிவு லிட்டனின் கதையிலும், அதற்கு மூலமான பழைய கிரேக்கக் கதையிலும் உள்ளதுதான். ஆயினும் சைவம் பயின்ற தமிழ்ப் படிப்பாளர்க்கு இது முற்றிலும் புதிய காட்சி அன்று. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் மணவினை நிகழும் தருவாயில் அருள் குறுக்கிடும் நிகழ்ச்சிகள் உள்ளன.

அவற்றுள் முதன்மையானது புத்தூர் நிகழ்ச்சி. சடங்கவி சிவாசாரியாரின் மகளை மணக்க நம்பியாரூரர் மணப்பந்தலில் அமர்ந்தபோது, இறைவன் முதிய அந்தணராக வந்து அடிமை ஓலை காட்டித் தடுத்தாட்கொள்கிறான். இதில் ஆட்கொள்ளப்படுபவர் மணமகன். மணமகளாக அமர்ந்த பெண் சுந்தரரையே நினைந்திருந்து சிவலோகம் அடைந்தாள் எனச் சேக்கிழார் சுருங்கக் கூறி மேற்செல்கிறார். பக்தியின் வெற்றி பாடப்படும் இடத்தில் அப்பெண்ணின் வாழ்வு ஒரு குறிப்பாக ஒடுங்குகிறது.

மனோன்மணீயம் அதே அமைப்பை எடுத்து, ஆட்கொள்ளப்படுபவரை மாற்றுகிறது. இங்கும் மணம் தடுக்கப்படுகிறது; இங்கும் தடுப்பின் பின்னே அருள் உள்ளது. ஆனால் அருள் யாருக்காக வருகிறது எனில், மணமகளுக்காக வருகிறது. புத்தூரில் பந்தலிலேயே விடப்பட்ட பெண்ணின் இடத்திலிருந்து அந்நிகழ்ச்சியை மறுபடியும் எழுதினால் மனோன்மணீயத்தின் இறுதிக் காட்சி கிடைக்கும். ஆசிரியர் புத்தூர் நிகழ்ச்சியை மனத்திற்கொண்டே எழுதினார் என வாதிடத் தேவையில்லை. மரபின் அமைப்பு இவ்வாறு திரும்பியிருப்பதே ஆய்வுக்குரிய உண்மை.

மனோன்மணியும் வாணியும்

பெரியபுராணத்தின் மற்றொரு பெண், மனோன்மணிக்கு இன்னும் நெருக்கமானவர். ஞாயிறு கிழவரின் மகளாகிய சங்கிலியார், பெற்றோர் தமக்கு மணம் பேசுவதைக் கேட்டு மயங்கி வீழ்ந்து, தாம் சிவனடியார் ஒருவருக்கே உரியவர் எனக் கூறி மறுக்கிறார். பின்னர்த் திருவொற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கித் திருமாலைத் தொண்டு புரிகிறார். இறைவன் அவர் கனவில் தோன்றிச் சுந்தரரை மணக்கக் கூறும்போதும், அவர் திருவாரூரில் பரவையாரோடு வாழ்பவர் ஆயிற்றே என்னும் ஐயத்தை இறைவனிடமே எழுப்புகிறார். பிரியேன் என்னும் சூளுறவு பெற்ற பின்னரே மணம் நிகழ்கிறது.

சங்கிலியாரோடு ஒப்பிடும்போது மனோன்மணியின் நிலை ஒரு படி பின்னடைவாகவே தோன்றுகிறது. அவளும் கனவால் உணர்த்தப்பட்டவள். ஆனால் தந்தை பலதேவனை மணக்க வேண்டும்போது, தந்தையின் துயர் கருதி அவள் இசைகிறாள். அவளது இசைவை அறத்தின் உயர்நிலையாக, தன்னலம் துறத்தலாகக் கொண்டு போற்றுவோர் உளர். அவ்வாறு போற்றுவதில் ஓர் இடர் உண்டு. முனிவர் அறிந்து சொன்ன உண்மையை விடக் குடிலன் சொன்ன வழக்கமே அவ்விசைவால் நிறைவேறும் நிலை உண்டாகிறது. புருடோத்தமன் அந்நேரத்தில் வாராதிருந்தால் அவளது பணிவு மாயையின் வெற்றியாகவே முடிந்திருக்கும். நாடகம் இவ்வினாவுக்கு மனோன்மணியின் வாயிலாக விடை கூறவில்லை.

விடை வாணியிடம் உள்ளது. வாணி - நடராசன் கிளைக்கதை சுந்தரம் பிள்ளை தாமே புனைந்து சேர்த்ததாகும். வாணி தந்தையின் ஏற்பாட்டை மறுக்கிறாள். மன்னனே கேட்டபோதும், இறப்பினும் இசையேன் என்னும் உறுதியோடு நிற்கிறாள். அவளுக்குத் தெய்வக் கனவு இல்லை. முனிவரின் பரிந்துரையைப் பெற்று அவள் மறுக்கவில்லை. தன் மனத்தின் சான்று ஒன்றே அவளுக்குப் போதுமானதாகிறது. சங்கிலியாரிடம் ஒன்றாக இருந்த அருளும் மறுப்பும் இந்நாடகத்தில் இருவராகப் பிரிந்துள்ளன. அருள் அரசகுமாரிக்கும், மறுப்பு அவள் தோழிக்கும் உரியனவாகின்றன.

இப்பிரிவினையை ஆசிரியரின் தயக்கம் எனக் கொள்ளலாம். காப்பியத் தலைவி தந்தையை மறுப்பதை அக்காலப் படிப்பாளர் ஏற்பாரோ என்னும் ஐயம் அவருக்கு இருந்திருக்கக்கூடும். ஆயினும் மறுப்பை நாடகத்திலிருந்தே விலக்கிவிட அவர் மனம் இசையவில்லை. நாடகத்தினுள் அமைந்த சிவகாமி சரிதமும் இதற்குச் சான்று. கோல்ட்ஸ்மித்தின் ஆங்கிலக் கதைப்பாடலைத் தழுவிய அப்பகுதியில், காட்டில் தவம் செய்யும் துறவி தன்னைத் தேடி ஆணுருவில் வந்த காதலியை அறிந்து ஏற்கிறான். துறவு அன்புக்கு மேலானதென்னும் பொதுக் கருத்தை அது ஏற்கவில்லை. ஆன்மிகம் மணத்தை வெறும் உலகியல் தளையாகக் காணும்போதுதான் அதனைப் பெற்றோரின் பொறுப்பில் விட்டுவிட்டு விலகுகிறது. அன்பை ஞானத்தின் வழியாகக் கொண்டால், மணத்தில் நிகழும் வன்முறையைக் கண்டு அது வாளாவிருக்க இயலாது. சுந்தர முனிவர் தவச்சாலையை விட்டுக் கோட்டைக்கு வந்து சுரங்கம் அகழ்வதன் பொருள் இதுவே.

கனவின் எல்லை

இவ்வளவு கூறிய பின்னும் நாடகத்தின் எல்லை ஒன்றைச் சுட்டாதிருப்பது நடுநிலை ஆகாது. மனோன்மணியின் கனவு குலத்தின் எல்லையைக் கடப்பதில்லை. பாண்டியன் மகள் கனவிற் கண்டவன் சேர மன்னனே. அருள் காட்டிய மணமகன், உலகியலில் தேர்ந்தாலும் முதலில் நினைக்கத்தக்க மணமகனாகவே உள்ளான். கனவு ஒரு வேளாண் மகனையோ வீரனையோ காட்டியிருந்தால் முனிவர் என்ன கூறியிருப்பார் என்னும் வினா எழுகிறது. அவ்வினாவை எழுப்பாமலே நாடகம் முடிகிறது. வழக்கத்தின் ஒரு பகுதியை மாயை எனக் கண்ட ஆசிரியர், அதன் அடித்தளமாகிய குல ஒப்புமையைத் தொடவில்லை.

அவ்வெல்லையை அடுத்து வந்தோர் வெவ்வேறு வகையில் அணுகினர். நாடகம் வெளிவருவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கம் நிறுவிய ஸ்ரீ நாராயண குரு, பிற்காலத்தில் தாலிகெட்டுக் கல்யாணம் போன்ற சடங்குகளை விலக்கி எளிய மணமுறையை வலியுறுத்தினார். மணவழக்கத்தில் குரு குறுக்கிட வேண்டும் என்னும் நாடகக் கருத்து அதே மண்ணில் வாழ்வியலாக மாறியதற்கு அது சான்று. 1910களின் பிற்பகுதியில் 'தமிழன்' இதழில் வெளிவந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம், ஒரு காரணவரின் ஐந்தாம் மனைவியின் வாய்மொழியாகவே வழக்கத்தின் கொடுமையை எடுத்துரைத்தது. நாஞ்சில்நாட்டு வேளாளரின் உரிமை முறையை மாற்றிய சட்டம் 1926இல் திருவிதாங்கூரில் வந்தது. மனோன்மணீயத்தில் குடிலன் மணத்தூதை மறைக்கப் பயன்படுத்திய அதே நாஞ்சில் நாட்டிலிருந்து, கால் நூற்றாண்டுக்குப் பின் ஒரு பெண்குரல் உருவகத்தின் திரையின்றி எழுந்தது என்பது எண்ணத்தக்கது.

முடிவுரை

மனோன்மணீயம் ஏற்பாட்டு மணத்தை மறுக்கும் நூல் அன்று. அதனைப் போற்றும் நூலும் அன்று. மணத்தை ஏற்பாடு செய்வோரின் தகுதியை ஆராயும் நூல் அது. பெண்ணின் மனம் அறியாத ஏற்பாட்டை அது மாயையின் செயலாகக் காண்கிறது. மனமறிந்த ஏற்பாட்டை அருளின் செயலாகக் காண்கிறது. புத்தூரில் மணமகனுக்கு வந்த தடுத்தாட்கொள்ளலை மணமகளுக்கு உரியதாக்கியது அதன் தனிச்சிறப்பு. சங்கிலியாரின் மறுப்பைத் தலைவிக்கு அளிக்காமல் தோழிக்கு அளித்ததும், குல எல்லையைக் கடவாததும் அதன் தயக்கங்கள்.

உருவக விளக்கம் மட்டும் கூறி இந்நாடகத்தைப் பாடம் சொல்லும்போது மனோன்மணி ஒரு தத்துவத்தின் பெயராகிறாள். அவளுக்கு ஒரு மனம் இருந்தது என்பது மறைந்துபோகிறது. அவ்விளக்கத்தைக் கைவிடாமலே, அதனுள் அவள் மனத்துக்கும் வாணியின் மறுமொழிக்கும் உரிய இடத்தை அளிப்பது இனிவரும் ஆய்வுகளின் கடமையாகும். வாணியை முதன்மையாகக் கொண்டு நாடகம் முழுவதையும் மீண்டும் படிக்கும் முயற்சி அதற்கு ஏற்ற தொடக்கமாக அமையும்.